சும்மா சுற்றிய சில்லு

ஞாயிற்றுக்கிழமைகள்தான் போல் ஹரிஸுக்குப் பொல்லாதவை. வார நாட்களில் நீதிமன்றம் இருந்தது, கட்சிக்காரர்கள் இருந்தார்கள், கட்டுக்கட்டாகப் பத்திரங்கள் இருந்தன. ஞாயிறு காலை அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால், 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த சிக்காகோ நகரத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. பூங்காவில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர் ஒரு வாங்கில் தனியே இருந்துவிட்டு, வெயில் சாயும்போது திரும்பி வருவார்.

ஹரிஸ் ஊர் தெரியாத மனிதர் அல்லர். 1868ஆம் ஆண்டு பிறந்தார். தகப்பனின் கைப்பணம் கரைந்துபோனபோது அவருக்கு வயது 3. வேர்மொன்ற் மாநிலத்தில் வோலிங்ஃபோர்ட் என்ற சிற்றூரில் இருந்த தாத்தா பாட்டியிடம் கொண்டுபோய் விட்டார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர் அது. கொல்லனுக்கும் போதகருக்கும் இவர் இன்னாருடைய பேரன் என்று தெரியும். பிறகு சட்டம் படித்தார். படித்த கையோடு தொழிலில் இறங்கினாரா என்றால், இல்லை. 5 வருடம் நாடு சுற்றினார். பத்திரிகை நிருபர், நாடக நடிகர், மாடு மேய்ப்பவர், சலவைக்கல் விற்பவர் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 1896இல் சிக்காகோவுக்கு வந்து சட்டத்தரணியாக அலுவலகம் திறந்தபோது, இனி அலைச்சல் முடிந்தது என்றுதான் நினைத்தார். அலைச்சல் முடிந்தது. தனிமை தொடங்கியது.

1900ஆம் ஆண்டு ஒரு கோடைக்கால மாலையில் சக சட்டத்தரணி ஒருவர் அவரைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். சாப்பாடு முடிந்து இருவரும் அந்தப் பகுதித் தெருக்களில் நடந்தார்கள். வழி நெடுகிலும் கடைகள். நண்பர் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று கடைக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஹரிஸை அறிமுகம் செய்தார். கடைக்காரர்களும் நண்பரைப் பெயர் சொல்லியே அழைத்தார்கள். பெருநகரத்தின் நடுவில் வோலிங்ஃபோர்ட் ஊர் எழுந்து நின்றது போல இருந்தது ஹரிஸுக்கு. இந்த ஊரைத் தானும் கட்டலாமே என்ற எண்ணம் அன்று விழுந்தது. விதை முளைக்க 5 வருடம் எடுத்தது.

1905 பெப்ரவரி 23, வியாழக்கிழமை இரவு. நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலேயுடன் ஓர் இத்தாலிய உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டே ஹரிஸ் தம் எண்ணத்தைச் சொன்னார். இருவரும் எழுந்து குளிரில் நடந்து யூனிற்றி கட்டடத்தின் 711ஆம் இலக்க அறைக்குப் போனார்கள். அது சுரங்கப் பொறியியலாளர் கஸ்டாவஸ் லோரின் அலுவலகம். அங்கே தையல்காரர் ஹைரம் ஷோரியும் இருந்தார். நான்கு பேர், நான்கு தொழில். ஒரு தொழிலுக்கு ஓர் ஆள்தான் என்று விதி போட்டார்கள். ஒரே தொழில்காரர் இருவர் ஒரு மேசையில் இருந்தால் போட்டி வரும், நட்பு வராது என்பது அவர்கள் கணக்கு. நல்ல விதி. ஆனால் அதற்குள் ஒரு முள் ஒளிந்திருந்தது. அது குத்துவதற்கு இன்னும் 60 வருடம் இருந்தது.

கூட்டத்துக்கென்று இடமும் இல்லை, வாடகைக்குப் பணமும் இல்லை. ஒரு தடவை நிலக்கரிக் கடையில், அடுத்த தடவை தையல் கடையில் என்று முறை வைத்து, சுழன்று சுழன்று கூடினார்கள். சுழன்று வருவதால் கழகத்துக்கு அதே பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். இன்று உலகமெங்கும் ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் றோட்டறிக் கழகம் என்ற பெயர், சொந்தமாக ஒரு மண்டபம் இல்லாத குறையிலிருந்து பிறந்தது.

அப்போது அது தொண்டுக் கழகமே அல்ல. உறுப்பினர்கள் ஒருவரிடம் ஒருவர் சாமான் வாங்கினார்கள், ஒருவருக்கு ஒருவர் வியாபாரம் பிடித்துக் கொடுத்தார்கள். யார் யாருக்கு எவ்வளவு ஆதாயம் தந்தார் என்று கணக்குக்கூட வைத்தார்கள். 1906இல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமைச் சட்டத்தரணியை உறுப்பினராகச் சேர அழைத்தபோது, விதிகளை வாசித்துப் பார்த்துவிட்டு அவர் மறுத்துவிட்டார். தங்களுக்கு மட்டுமே நன்மை செய்துகொள்ளும் ஒரு சங்கம் நெடுநாள் நிற்காது, ஊருக்கு ஏதாவது செய்வதாக இருந்தால் வருகிறேன் என்றார். அழைக்கப் போனவர்கள் கோபிக்கவில்லை. அப்படியானால் உள்ளே வந்து அதை நீங்களே விதியில் எழுதுங்கள் என்றார்கள். எழுதினார். இனி ஊருக்கு என்ன செய்வது?

அவர்கள் தேர்ந்தெடுத்தது பொது மலசலகூடம்.

சிக்காகோ நகர மண்டபத்துக்கு அருகில், அலுவலாக வந்துபோகும் சாதாரண ஆட்கள் அவசரத்துக்கு ஒதுங்க இடமில்லாமல் தவித்தார்கள். மதுக்கடைக்குள் போகலாம், ஆனால் போனால் ஒரு கோப்பை குடிக்கவேண்டும். பெண்களானால் பெரிய அங்காடிக்குள் போகலாம், ஏதாவது வாங்கவேண்டும். அதனாலேயே மதுபான உற்பத்தியாளர்களும் அங்காடிக்காரர்களும் இந்த மலசலகூடத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1907இல் தொடங்கிய முயற்சி 2 வருடம் இழுபட்டு 1909இல்தான் நிறைவேறியது. தொண்டு என்றவுடன் சிலை வைக்கவும் மண்டபம் கட்டவும் நினைக்கும் மனிதர்களுக்கு நடுவே, மனிதனின் கூச்சத்துக்கு ஒரு கதவு வைத்துக்கொடுத்தவர்கள் இவர்கள். அந்த முதல் தெரிவை நினைக்கும்போதெல்லாம் இவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

கழகம் வளர்ந்தது. கழகத்துக்கு ஒரு சின்னம் வேண்டியிருந்தது. மொன்ரேகு பெயார் என்ற செதுக்குக் கலைஞர் உறுப்பினராக இருந்தார். சுழன்று கூடுவதுதானே வழக்கம் என்று அவர் ஒரு வண்டில் சில்லை வரைந்தார். ஆரக்கால்கள், நடுவில் குடம், அவ்வளவுதான். பார்த்தவர்கள், சில்லு அசையாமல் நிற்கிறதே என்று குறை சொன்னார்கள். மொன்ரேகு அதன் கீழே முகில் போலச் சில சுழிகளைச் சேர்த்தார். அதைப் பார்த்த வேறு சிலர், அது முகில் அல்ல, புழுதி என்றார்கள். புழுதியானால் சில்லுக்குப் பின்னால் அல்லவா கிளம்பவேண்டும், முன்னாலும் எப்படிப் பறக்கிறது என்று கேட்டார்கள். சிரித்து மறக்கவேண்டிய பேச்சுத்தான். ஆனால் சில்லைப் பற்றிய வழக்கு அதோடு முடியவில்லை.

நகரத்துக்கு நகரம் கழகங்கள் பெருகியபோது ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு சில்லை வரைந்துகொண்டது. 1912இல் டுலூத் நகரத்தில் நடந்த மாநாட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பற்சக்கரம் தீர்மானிக்கப்பட்டது. வண்டில் காலம் போய் இயந்திரக் காலம் வந்துவிட்டது அல்லவா. நீலமும் பொன்னுமாகப் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பொறியியலாளர்களுக்கு அதைக் காணக் காணப் பொறுக்கவில்லை. பற்களின் எண்ணிக்கையும் வடிவமும் கண்டபடி இருந்தன. இப்படியொரு சக்கரத்தை வார்த்து இயந்திரத்தில் பூட்டினால் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது என்றார்கள். கழக உறுப்பினர்களான சார்ல்ஸ் மக்கின்ரொஷும் ஒஸ்கார் பியோர்ஜும் சேர்ந்து 6 ஆரங்கள், 24 பற்கள் என்று அளவாகத் திருத்தி வரைந்தார்கள். இனி யாரும் குறை சொல்ல முடியாது என்று எல்லாரும் மூச்சுவிட்ட நேரம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்திலிருந்து ஒருவர் எழுந்தார்.

வில் ஃபோர்க்கர் சொன்னது ஒரே விஷயம். சக்கரம் சரி, பல் சரி, ஆரமும் சரி. ஆனால் இது வேலை செய்யாத சக்கரம்.

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குப் பெரிய படிப்பு வேண்டாம். மாட்டுவண்டிலில் அச்சு சுற்றுவதில்லை. அச்சு அப்படியே கிடக்க, சில்லுத்தான் அதைச் சுற்றி ஓடுகிறது. சில்லு கழன்று விழாமல் இருக்க ஓர் அச்சாணி போதும். மொன்ரேகு வரைந்தது வண்டில் சில்லு என்றபடியால் அதில் குறை இருக்கவில்லை. பற்சக்கரம் அப்படியல்ல. அது அச்சோடு சேர்ந்து சுற்றவேண்டும். அதற்கு அச்சிலும் சக்கரத்தின் குடத்திலும் ஒரு சின்னக் காடி வெட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு இரும்பை இறுக்கிச் செருகுவார்கள். இறைக்கிற மெசினில் கப்பியை அச்சோடு பூட்டுகிற அந்தத் துண்டுக்குப் பட்டறைகளில் கீ என்றுதான் பெயர். அது அறுந்துபோன நாளில் மெசின் தோட்டமே அதிரக் கத்தும். கப்பி தன்பாட்டுக்கு நழுவும். வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது.

வண்டில் சில்லைப் பற்சக்கரமாக மாற்றியவர்கள் இந்த ஒன்றைக் கவனிக்கவில்லை. உலகத்துக்கு உழைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டவர்கள் சட்டையில் குத்தியிருந்தது சும்மா சுற்றும் சில்லு. ஃபோர்க்கரின் முறைப்பாடு ஏற்கப்பட்டது. 1924இல் சின்னத்தின் நடு ஓட்டையின் விளிம்பில் ஒரு சின்னச் சதுரக் காடி சேர்ந்தது. பெரும்பாலானோர் கவனித்தே இராத அந்தக் காடி அன்றிலிருந்து இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

காடி வெட்டிய சில்லு கப்பலேறியது. 1928இல் கனடாக்காரரான ஜேம்ஸ் டேவிட்சன் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கழகங்களை நிறுவக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். சில மாதங்களில் திரும்பலாம் என்று போனவருக்கு 2 வருடங்களுக்கு மேல் சென்றது. மத்தியதரைக் கடற்கரை நகரங்கள், பம்பாய், சென்னை, மலாயா என்று அவர் போன வழியெல்லாம் கழகங்கள் முளைத்தன. கொழும்புக் கழகம் 1929இல் பிறந்தது. அந்த நேரத்தில் மலாயாவின் ரயில்வேயிலும் நில அளவைக் கந்தோர்களிலும் மேசைக்குப் பின்னால் இருந்த கிளாக்கர்மாரில் பலர் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். 55 வயதில் பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, நாற்சார் வீட்டைத் திருத்தி, சாய்மனைக் கதிரையில் அமர்ந்தவர்களை ஊர் மலாயாப் பென்சன்காரர் என்றது. அவர்களுக்கு எல்லாம் இருந்தது. காலையில் எழுந்து எங்கே போவது என்பதைத் தவிர.

இதே கேள்விதான் கடைசியில் றோட்டறிக் கழகத்தின் வாசலுக்கும் வந்தது. 711ஆம் இலக்க அறையில் போட்ட விதிக்குள் இருந்த முள் இதுதான்: கழகத்தில் ஒருவருடைய இடம் அவருடைய தொழிலால் வந்த இடம். தொழிலை விட்டவருக்கு அந்த மேசையில் என்ன பெயர்? விதியில் பிறகு விலக்குகள் வந்தன, மூத்த உறுப்பினர்களுக்கு வழி செய்தார்கள். என்றாலும், நேற்றுவரை வங்கி முகாமையாளராகவோ மருந்துக் கடைக்காரராகவோ அறியப்பட்டவர் இன்று வெறும் ஆளாக நிற்பதன் கூச்சத்தை எந்த விலக்கும் தீர்க்கவில்லை. கழகத்துக்கு வெளியே இருந்த ஆயிரமாயிரம் பேருக்கோ அந்த மேசையும் இல்லை. ஒரு மனிதனின் தனிமையைத் தீர்க்கப் பிறந்த கழகம், அறுபதைத் தாண்டியவனின் தனிமைக்கு மருந்து தெரியாமல் நின்றது.

மருந்து ஒரு கோப்பிக் கடையில் கிடைத்தது. லண்டனுக்கு வடக்கே வெல்வின் தோட்ட நகரம். எபனேசர் ஹவார்ட் என்ற கனவுக்காரர், மரமும் புல்வெளியும் நடுவில் நிற்க மனிதர் வாழவேண்டும் என்று 1920இல் தொடங்கிய ஊர். ஊர் அழகாக வந்தது. ஆனால் அங்கே குடியேறிய ஆண்களில் பலருக்கு வேலை லண்டனில். விடியற்காலை ரயில் ஏறினால் இருட்டின பிறகு வீடு. ரயில் பெட்டியில் எதிரே இருப்பவர் முகம் தெரியும், அடுத்த வீட்டுக்காரர் முகம் தெரியாது. அப்படி 30, 40 வருடம் ஓடியபிறகு ஒரு நாள் வேலை முடிந்துவிடும். அடுத்த நாள் காலை அந்த மனிதர் தம் சொந்த ஊரில் அந்நியராக எழும்புவார்.

1965இல் அங்கிருந்த றோட்டறி உறுப்பினர் ஃப்ரெட் கார்னில், லண்டனுக்குப் போய்வந்த பழைய பயணிகளான 3 நண்பர்களோடு காலை நேரத்தில் கோப்பி குடிக்கக் கூடுவார். பேச்சில் ஒரு விஷயம் எழுந்தது. எங்களைப் போல இன்னும் எத்தனை பேர் இந்த ஊரில் இருப்பார்கள்? கழகத் தலைவரிடம் சொல்லி ஒரு கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். ஐந்தாறு பேர் வந்தாலே பெரிய விஷயம் என்று யாரும் நினைத்திருக்கலாம். வந்தவர்கள் 45 பேர். அத்தனை பேர் ஒரே சின்ன ஊரில், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே குறையோடு இருந்திருக்கிறார்கள். மதிய உணவுக்குக் கூடும் சங்கம் ஒன்று அன்று பிறந்தது.

அடுத்த வருடம், 1966இல், லண்டனுக்குத் தெற்கே கேற்றரம் என்ற ஊரில் ஹரல்ட் பிளன்சார்ட் இதே எண்ணத்தோடு இன்னொரு சங்கம் அமைத்தார். இளைப்பாறிய உத்தியோகத்தரும் வியாபாரிகளும் கூடும் சங்கம் என்பதால் புரொஃபெஷனல், பிசினஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளை ஒட்டி புரோபஸ் என்று பெயரிட்டார்கள். ஒட்டிப் பார்த்தால் அது இலத்தீனில் நேர்மையானவன் என்று பொருள் தரும் சொல்லாகவும் அமைந்துவிட்டது. றோட்டறிக் கழகங்களே முன்னின்று ஊர் ஊராக இச்சங்கங்களைத் தொடக்கிவைத்தன. 1974இல் நியூசிலாந்து, 1976இல் அவுஸ்திரேலியா, 1987இல் கனடா. புரோபஸ் பணம் சேர்ப்பதில்லை, தொண்டுத் திட்டம் எதையும் தலையில் கட்டிக்கொள்வதில்லை. கூடுவதும் பேசுவதும் கேட்பதுமே அதன் வேலை. 1905இல் ஹரிஸ் தேடியதும் அதுதானே. சில்லு ஒரு முழுச் சுற்று வந்து புறப்பட்ட இடத்தைத் தொட்டது.

ஆனால் கூட்டமும் கோப்பியும் மட்டும் போதுமா? இந்தக் கேள்விக்கு ஆங்கிலேயர் ஊரைவிட நல்ல பதில் யாழ்ப்பாணத்தில், பண்ணைப் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது.

யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து கடலை இரண்டாகப் பிரித்துப் போகும் பண்ணை வீதியில் மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் அல்லைப்பிட்டி. பனையும் மணலும், உவர் கலந்த கிணறுகளும், வீதிக்கு இரு பக்கமும் களப்புக் காற்றும். தீவகத்து மற்ற ஊர்களைப் போலவே இதுவும் ஆட்களை வெளியே அனுப்பிய ஊர். முதலில் கந்தோருக்கும் கொழும்புக் கடைகளுக்கும், பிறகு கடல் கடந்த நாடுகளுக்கும். 1990இலும் 2006இலும் போர் ஊரையே பெயர்த்தெறிந்தது. உயிர்கள் போயின, வீடுகள் கூரையிழந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் இருபது வயதில் புறப்பட்டவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. கையில் பென்சனும் முழங்காலில் வலியுமாகச் சிலர் சில மாதங்களுக்கேனும் திரும்பி வருகிறார்கள். வெல்வின்காரர் மாலையில் திரும்பினார், இவர்கள் 40 வருடம் கழித்துத் திரும்புகிறார்கள். அந்நியம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஈழத்துத் தமிழில் இவர்களுக்கு வழங்கும் சொல் இளைப்பாறியவர். இளைத்தவர் ஆறுவது. ஒதுங்கிப் போவது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஊரும் அவர்களை ஒதுங்க விடுவதில்லை. இளைப்பாறிய ஆசிரியர் என்றால் சனசமூக நிலையத்தில் செயலாளர் பதவி காத்திருக்கும். இளைப்பாறிய கிளாக்கர் என்றால் கோயில் திருப்பணிச் சபையின் கணக்குக் கொப்பி வீடு தேடி வரும். மரண வீட்டுக்குக் கொட்டகை போடுவதும், பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்த் தொட்டி கேட்டுக் கடிதம் எழுதுவதும் இவர்கள் கையால்தான் நடக்கும். கடிதம் பலித்துத் தொட்டி வந்தால் அதன் பக்கத்தில் நீலமும் பொன்னுமாக ஒரு சில்லு வரைந்திருக்கும். குழந்தைகள் அதன்மேல் சாய்ந்து தண்ணீர் குடிக்கும். நடுவில் ஒரு சின்னச் சதுரக் காடி இருப்பதை எந்தக் குழந்தையும் பார்த்திருக்காது.

பட்டறையில் அந்த இரும்புத் துண்டுக்கு வழங்கும் கீ என்ற பெயர்தான் ஆங்கிலத்தில் கதவுப் பூட்டைத் திறக்கும் சாவிக்கும். யாழ்ப்பாணத்தில் அதைத் திறப்பு என்பார்கள். வாசிகசாலைத் திறப்பு பெரும்பாலும் ஓர் இளைப்பாறியவரின் வேட்டி மடியில்தான் இருக்கும். பேப்பர்க்காரப் பொடியன் சைக்கிளில் வரமுதல் அவர் போய்க் கதவைத் திறந்து, நேற்றைய பத்திரிகைகளை மடித்து வைத்து, வாங்குகளைத் துடைத்துவிடவேண்டும். அதனால் விடிய ஐந்தரைக்கே எழும்பிவிடுகிறார்.